எட்டாம் கட்டிலின் தோல்

கோவை
1996 செப்டம்பர் 3, காலை 6.40. குடுவைகள் 11.

அம்புஜம் அம்மா அவர்களுக்கு,

என் பெயர் நரசிம்மலு. உங்கள் கணவர் லட்சுமணசாமி இருந்த தீப்புண் வார்டுக்குப் பின்னால் தோல் வளர்க்கும் ஆய்வகம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறேன். வார்டு வாசலில் உங்களை ஒருமுறை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்காது.

விஷயத்தை நேராகவே எழுதுகிறேன். ஆகஸ்ட் 10ஆம் தேதி காலை, தீப்படாத தொடையிலிருந்து அவருக்குத் தபால்தலை அளவு தோல் எடுத்தோம். அதைச் செல் செல்லாகப் பிரித்துக் குடுவையில் வளர்த்தால் மூன்று வாரத்தில் ஒரு முதுகுக்குப் போதுமான அளவு ஆகும். அதை அவருக்கே ஒட்டுவதாக இருந்தோம். ஒன்பதாம் நாள் அவர் இறந்துவிட்டார். செல்கள் இறக்கவில்லை. இன்று காலை வரை பதினொரு குடுவைகளிலும் உயிரோடு இருக்கின்றன. நாற்பத்து நான்கு வயது ஆளின் தோல் இப்படி வளர்ந்து நான் பார்த்ததில்லை. இருபது வயதுத் தோல் மாதிரி ஓடுகிறது.

ஆய்வகம் தொடங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. இந்தச் செல்களை வைத்துக்கொண்டு வேலை பழக எனக்கு அனுமதி வேண்டும். இணைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். மருந்து ஊற்றி அழித்துவிடுகிறேன். பத்து நாளில் பதில் வராவிட்டாலும் அழித்துவிடுவேன்.

என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ந. நரசிம்மலு


காங்கேயம்
9.9.96

நரசிம்மலு சார் அவர்களுக்கு அம்புஜம் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கருமாதி முடிந்த மூன்றாம் நாள் வந்தது. வாசலில் நின்றபடியே பிரித்தேன். 'உயிரோடு இருக்கின்றன' என்ற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. மடித்துத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். நேற்றுத்தான் எடுத்து மீதியைப் படித்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடுவைக்குள் இருப்பதற்குச் சுடுமா? பசிக்குமா? என்ன கொடுத்து வளர்க்கிறீர்கள்? யார் தொடுகிறார்கள் என்று அதற்குத் தெரியுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், என் வீட்டுக்காரர் நாலு வருசமாக என்னோடு பேசவில்லை. காரணத்தை இப்போது எழுத வேண்டாம். ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஏதாவது வேண்டுமென்றால் ஆள் வைத்துச் சொல்வார். எங்கள் எண்ணெய் மில்லுக்கு வருகிறவர்களிடம் சொல்வார். யாரும் இல்லாவிட்டால் தொழுவத்துக் கன்றுக்குட்டியிடம், "டேய், சோறு வெக்கச் சொல்லு" என்பார். நான் காதில் வாங்கிக்கொண்டு போய் வைப்பேன். எண்ணெய்க் கொட்டடியில் தீப்பிடித்த அன்று காலையில்கூட அப்படித்தான்.

கடைசி நாள் வார்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அவர் உதடு அசைந்தது. உள்ளே போக அந்தப் பச்சை அங்கியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் போட்டுக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

பேசாத மனிதர் செத்துப்போனால் வீட்டில் எந்தச் சத்தமும் குறைவதில்லை சார். இருக்கிறாரா, இல்லையா என்று என் காதுக்குத் தெரியமாட்டேன் என்கிறது. இந்த நிலைமையில் நீங்கள் அப்படி ஒரு வரி எழுதிவிட்டீர்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. மருந்து ஊற்றிச் சாக்கடையில் விட்டுவிடாதீர்கள். என்னிடம் கொடுத்துவிடுங்கள். மீதி எல்லாம் கொடுமுடி ஆற்றில் போயிற்று. இதுவும் போகட்டும்.

இப்படிக்கு,
அம்புஜம்


கோவை
1996 செப்டம்பர் 12, காலை 7.05. குடுவைகள் 11.

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில். அதற்குச் சுடாது. பசி என்று நீங்கள் நினைப்பது போல எதுவும் கிடையாது. யார் தொட்டாலும் தெரியாது. நரம்பு இல்லை, வாய் இல்லை, காது இல்லை. வெறும் தோல். அதிலும் மேல்தோல் மட்டும். கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரைச் சேர்த்த திரவத்தில் வளர்க்கிறோம். தொழுவத்தில் கன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மறைத்திருக்கலாம். எனக்கு அது வராது.

தருகிறேன். விதியில் இதற்கு இடமில்லை, தடையும் இல்லை. 16ஆம் தேதி பகலில் வாருங்கள். மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கு ஒன்று கொண்டுவாருங்கள். குடுவை பிளாஸ்டிக், அதை ஆற்றில் விட முடியாது. அதற்கு முன்னால் வரவேண்டாம். உங்கள் கணவரின் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கெசியா என்ற பெண்ணுக்கு 14ஆம் தேதி தோல் ஒட்டுகிறோம். வீட்டில் ஸ்டவ் வெடித்துக் கழுத்தும் மார்பும் வெந்துவிட்டன. பத்தொன்பது வயது. செல்கள் என்னவோ கிழவன் மாதிரி நகர்கின்றன. இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கழுத்தில் சீக்கிரம் தோல் மூடாவிட்டால் தழும்பு சுருங்கித் தாடையை மார்போடு இழுத்துக்கொள்ளும். பிறகு ஆயுசுக்கும் குனிந்தபடிதான் இருக்க வேண்டும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நேற்றுக் காலை இன்குபேட்டர் கதவைத் திறந்தபோது உங்கள் கணவரின் குடுவைகளைப் பார்த்து, "இருங்க, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன். இதுவரை எந்தக் குடுவைக்கும் மரியாதை கொடுத்தவன் இல்லை. உங்கள் கடிதத்தால் வந்த வினை.

ந. நரசிம்மலு


காங்கேயம்
20.9.96

நரசிம்மலு தம்பிக்கு,

நேரில் பார்த்தபின் சார் என்று எழுத வரவில்லை. என் கடைசித் தம்பியைவிடச் சின்னவராக இருக்கிறீர்கள். அவனைப்போலவே வெடுக் வெடுக்கென்று பேசுகிறீர்கள்.

அந்த மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னீர்களே, பார்த்ததிலிருந்து கண்ணை மூடினால் அதுதான். தரைக்குக் கல் பாவியது போல நெருக்கி நெருக்கி, ஓர் இடம்கூட விடாமல். அவர் அப்படி எதையும் நெருங்கி நிற்கிற ஆள் இல்லை.

தூக்கோடு வராந்தாவில் வரும்போது அந்தப் பெண் கெசியாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கழுத்தெல்லாம் கட்டு. தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி, "ஏனுங்கக்கா, தூக்குல என்ன, கொழம்புங்களா? எனக்குங் கொஞ்சம் ஊத்திட்டுப் போங்க. இவங்க உப்புமாவத் தின்னுத் தின்னு நாக்குச் செத்துப்போச்சு" என்றாள். "இல்ல கண்ணு, மருந்து" என்று சொன்னேன். "அய்ய, அப்ப நீங்களே வெச்சுக்கங்க" என்று சிரித்தாள். சிரித்ததும் வலித்திருக்கும் போல, முகம் சுருங்கியது.

கொழுந்தனாரோடு கொடுமுடிக்குப் போய் ஆற்றில் விட்டுவிட்டோம். ரோஸ் நிறத்தில் கொஞ்ச தூரம் போனது, அப்புறம் தண்ணீராகிவிட்டது.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆற்றில் விட்டது அவர் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எலும்பைக் கரைத்த அன்று கை கனத்தது. இந்த முறை எவளோ பெற்ற பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிட்டது போல் இருந்தது. வீட்டுக்கு வந்தும் தெளியவில்லை. நேற்று மத்தியானம் அவர் சாப்பிட வரும் நேரத்தில் கன்றுக்குட்டி வாசலைப் பார்த்துக் கத்தியது. நான் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். வைத்தபிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

நீங்கள் படித்தவர். இதற்கு ஏதாவது மருந்து இருந்தால் எழுதுங்கள்.

அம்புஜம்


கோவை
1996 அக்டோபர் 2, காலை 11.15. எண்ணிய செல்கள் 200. புள்ளி உள்ளவை 0.

அக்கா,

இன்று விடுமுறை. ஆய்வகத்தில் நான் மட்டும் இருக்கிறேன். இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் கடிதம் கிழிக்கிற ஆள் இல்லை.

நீங்கள் சொன்னது சரி. ஆற்றில் விட்டது உங்கள் கணவரை இல்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நடந்ததை எழுதுகிறேன். 14ஆம் தேதி கெசியாவுக்கு ஒட்டிய தோல் முதல் பத்து நாள் நன்றாகப் பிடித்தது. பிறகு திட்டுத் திட்டாக மெலிய ஆரம்பித்தது. சொந்தத் தோலை உடம்பு தள்ளாது. சீஃப் டாக்டர் கிருமி என்றார். கிருமி இல்லை, சோதித்துவிட்டேன். பெண்ணின் செல்லுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் உட்கருவின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி தெரியும். எல்லாச் செல்லிலும் தெரியாது, ஆனால் நிறையச் செல்களில் தெரியும். ஆணுக்கு அது இருக்காது. இன்று காலை கெசியாவின் பெயர் போட்ட குடுவையிலிருந்து இருநூறு செல்களை எண்ணினேன். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

வார்டுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 10 காலைப் பட்டியலில் லட்சுமணசாமி எட்டாம் கட்டில், கெசியா ஏழாம் கட்டில். மாலைப் பட்டியலில் அவர் ஏழு, அவள் எட்டு. அந்த நிலைமையில் இரண்டு பேரையும் யாரும் தூக்கி மாற்றியிருக்க முடியாது. கட்டில் நகரவில்லை. கட்டிலில் தொங்கும், எண் எழுதிய தகரத் தகடு நகர்ந்திருக்கிறது. வார்டு நர்ஸ் சகாயமேரி சிஸ்டரைக் கேட்டேன். "யாரோ மனசு கஷ்டப்பட்டாங்கன்னு செஞ்சுபோட்டேனுங்க சார்" என்று அழுகிறார். யார் என்று சொல்லமாட்டேன் என்கிறார்.

அது சிஸ்டரின் தப்பு மட்டும் இல்லை. காலையில் ஆபரேஷன் தியேட்டரில் தோல் எடுத்தபோது குப்பிகளில் கட்டில் எண்ணை மட்டும் எழுதினார்கள். பெயரை நான்தான் மாலை நாலு மணிக்கு வார்டுக்குப் போய், எண் தகட்டையும் பக்கத்தில் தொங்கிய நோயாளிச் சீட்டையும் பார்த்து எழுதிக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. பெயர் கேட்கவில்லை. அவசரம். கிழவனின் தோல் குமரி மாதிரியும் குமரியின் தோல் கிழவன் மாதிரியும் வளர்ந்ததைப் பார்த்தேன், உங்களுக்கு எழுதவும் செய்தேன். அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

ஆக, உங்கள் கணவரின் தோல் கெசியாவின் கழுத்தில் இருக்கிறது. கெசியாவின் தோலைத் தூக்கில் ஊற்றி உங்கள் கையில் கொடுத்தது நான். பதினொரு குடுவையும் போயிற்று. ஒரு சொட்டு மீதி இல்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவளிடமிருந்து நாளை புதிதாக ஒரு துண்டு எடுக்கிறோம். அது வளர்ந்து வர ஐந்து வாரமாவது ஆகும். அதுவரை கழுத்தைத் திறந்து வைத்தால் முடிந்தது கதை. கெசியாவின் பெயரில் தொடர்ந்து வளர்த்து வந்த உங்கள் கணவரின் செல்கள் ஒன்பது குடுவையில் தயாராக இருக்கின்றன. அவற்றை மறுபடி ஒட்டினால் சில வாரம் தாங்கும். அந்த நிழலில் அவளுடைய சொந்தத் தோல் ஓரத்திலிருந்து ஊர்ந்து வரும். பிறகு இவர் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து இடம் விடுவார். தெரிந்தே இப்படி ஒட்டுவது உண்டு. ரத்தப் பரிசோதனைகள் ஆகஸ்டிலேயே எடுத்தவை, சுத்தம்.

உங்கள் கையெழுத்து வேண்டும். குடுவையின் அடியில் படர்ந்திருக்கும் தோல் ஏடுகளை 10ஆம் தேதிக்குள் உரித்து எடுக்காவிட்டால் பாழ். பாலாடை மாதிரி மெல்லியவை, காத்திருக்காது.

கெசியாவுக்கு இன்னும் தெரியாது. சீஃப், "ரிஜெக்‌ஷன்னு ஒரு வார்த்தை எழுதிப்போட்டு வேலையப் பாரு" என்கிறார்.

நரசிம்மலு


காங்கேயம்
5.10.96
(அவசரம் என்பதால் கோவை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.)

தம்பி,

சகாயமேரி சிஸ்டரைத் திட்டாதீர்கள். தகட்டை மாற்றச் சொன்னது நான்.

அன்றைக்கு மத்தியானம் வார்டைக் கூட்டுகிற அம்மா, "எட்டாம் நம்பருங்களா? முந்தாநாள்தான் அதுல ஒருத்தரு போனாரு. அதுக்கு முன்னாடியும் ஒருத்தரு" என்றார். சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற கட்டிலுக்கு மாத்திப்போடுங்க" என்று அழுதேன். "இப்பத் தூக்குனா உசுருக்கே ஆபத்துங்கக்கா" என்றார். நான் விடவில்லை. கடைசியில் எட்டாம் எண் தகட்டைக் கழற்றிப் பக்கத்துக் கட்டிலில் மாட்டி, அதன் தகட்டை இதில் மாட்டினார். பக்கத்துக் கட்டிலில் முகமெல்லாம் வீங்கிப்போய் ஒரு பெண் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தேன் தம்பி. எட்டு அவள் தலைமாட்டுக்குப் போகட்டும் என்று இருந்தேன்.

பேசாத புருசனுக்காக ஏன் அப்படி அழுதேன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அவர் பிழைத்தால் பேசிவிடுவார் என்று இருந்தது.

அவர் ஏன் பேச்சை நிறுத்தினார் என்றும் எழுதிவிடுகிறேன். மில்லில் தேங்காய் எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்துகொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். பிறந்த குழந்தைக்குத் தேய்க்க வேண்டுமென்று ஒருத்தர் வந்து என்னிடம், "ஏனுங்கம்மணி, சுத்தந்தானுங்களே?" என்று கேட்டார். "இல்லீங்க, கொழந்தைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். இவர் பின்னால் நின்றிருந்தார். அவ்வளவுதான். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த தண்டனை.

உங்கள் சீஃப் சொல்வது எனக்குப் புதிதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் அவள்மேல் யாரையும் போர்த்தாதீர்கள். முதலில் அவளிடம் சொல்லுங்கள். உங்கள் தப்பு, சிஸ்டர் செய்தது, நான் செய்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவள் சரி என்று சொன்னால் நான் கையெழுத்துப் போடுகிறேன். அவள் வேண்டாம் என்றால் என் கையெழுத்தால் என்ன ஆகப்போகிறது?

அம்புஜம்


கோவை
1996 அக்டோபர் 8, காலை 8.30. குடுவைகள் 9. மீதி நாட்கள் 2.

அக்கா,

சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை பத்து மணிக்கு, அவள் அம்மாவையும் வைத்துக்கொண்டு. சிஸ்டரும் கூட நின்றார். எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

அவள் அம்மா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "எம்புள்ள மேல பொணத்தோலப் போத்தி வெச்சிருக்கறீங்களே!" என்று கத்தியது வெளி வராந்தாவரை கேட்டிருக்கும். நான் நின்றேன். கெசியாதான், "அம்மா, வுடு, பித்தான் பிஞ்சிரும்" என்றாள்.

பிறகு என்னிடம், "ஏனுங்க சார், அப்ப இது ஆம்பளைத் தோலுங்களா? மீசை மொளைக்குமா?" என்றாள்.

"மயிர்க்கால் கிடையாது" என்றேன்.

"நல்லவேள. ஏற்கெனவே மாப்பிள கெடைக்காதுன்னு எங்கம்மா ஜெபத்துல எல்லாம் அழுகுது."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு அவளால் வேறெங்கும் பார்க்க முடியாது.

"என்னோடது எங்கீங்க சார்?"

"ஆற்றில் விட்டுவிட்டார்கள்."

"எந்த ஆத்துல?"

"காவேரியில். கொடுமுடியில்."

"மந்திரஞ் சொன்னாங்களா?"

"சொல்லியிருப்பார்கள்."

"அப்ப நான் செத்து, கருமாதி முடிஞ்சு, ஆத்துலயும் போயாச்சு. அப்படித்தானுங்களே?"

நரம்பு இல்லை, வாய் இல்லை என்று உங்களுக்கு வரிசையாக எழுதினேனே, அந்த வரிசையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நேற்றிலிருந்து இன்குபேட்டரைத் திறக்கும்போதெல்லாம், ஆற்றுக்குப் போன கெசியாவின் பதினொரு குடுவைகள் இருந்த தட்டில் கை வைக்கப் பயமாக இருக்கிறது. காலித் தட்டு அது. அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசியில், "தூக்குல கொழம்பான்னு கேட்டனே, அந்த அக்காதானா?" என்றாள். ஆமாம் என்றேன். எட்டாம் எண்ணை மாற்றச் சொன்னதும் அவர்தானா என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

"வரச் சொல்லுங்க. எனக்கு அவங்களத் திட்டோணும். திட்டிப்போட்டு அப்புறஞ் சொல்றேன், ஒட்டறதா வேண்டாமான்னு."

சீஃப் என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். இன்று காலை பூட்டு என் சாவிக்குத் திறந்தது. அதனால் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

10ஆம் தேதி மாலைக்கு மேல் ஏடுகள் உதவாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வாருங்கள். இன்றே கிடைக்க வேண்டுமென்று இதை நானும் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நரசிம்மலு


காங்கேயம்
18.10.96

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக பஸ் ஏறிவிட்டேன். உங்களிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. நீங்கள் தியேட்டருக்குள் இருந்தீர்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் என்ன பேசினோம் என்று சிஸ்டரிடம் கேட்டீர்களாம். எழுதுகிறேன். கெசியா முதலில் என்னைத் திட்டினாள். அவ்வளவு நன்றாக என்னை யாரும் திட்டியதில்லை. நாலு வருசம் வாய்ப்பேச்சே இல்லாத வீட்டிலிருந்து போனவளுக்கு அது மழை மாதிரி இருந்தது. "உங்க வூட்டுக்காரரு பொழைக்கோணும்னா ஊரான் புள்ள சாவோணுமா?" என்றாள். அதற்குத் தலையைக் குனிந்துகொண்டேன். "குனியாதீங்கக்கா. என்னால குனிஞ்சு பாக்க முடியாது. எம் மூஞ்சியப் பாருங்க" என்றாள். பார்த்தேன்.

அப்புறம் அவளே சொன்னாள். "அந்த அண்ணன் கடைசியா என்னமோ சொன்னாரு, எனக்குக் கேட்டுச்சு. 'புள்ள, அவகிட்டத் தண்ணி கேளு'ன்னாரு. எனக்குத் தொண்ட வீங்கிக் கெடந்துச்சு. கூப்பிட முடியல. மன்னிச்சுக்கங்க."

சாகும்போதும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை தம்பி. ஆள் வைத்துத்தான் கேட்டார். அந்த ஆளுக்குக் குரல் இல்லாமல் போயிற்று. ரெண்டு மாதம் கழித்து அவள் வந்து சொல்கிறாள், அவர் தோலைப் போர்த்திக்கொண்டு. நான் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்தேன். யாருக்கு என்று எடுத்தேனோ தெரியாது. கெசியா குடித்தாள். "சரி, ஒட்டச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவளுடைய தோல் வந்ததும் இவர் உதிர்ந்துவிடுவார் என்று எழுதினீர்கள். எந்த நாள் என்று சொல்லுங்கள். கடைசியாக அவர் போகிற நாள். அன்றைக்குத் தலை முழுகிவிட்டு நிம்மதியாக இருந்துகொள்கிறேன். மீதிக் குடுவை இருந்தால் எனக்கு வேண்டாம். நான் வரமாட்டேன்.

அம்புஜம்


கோவை
1996 அக்டோபர் 29, பகல் 12.10. ஒட்டிய ஏடுகள் 9. பிடித்தவை 7.

அக்கா,

கழுத்து முழுதும் பிடித்துவிட்டது. போன இரண்டும் மார்பின் ஓரத்தில். நேற்று கெசியா தாடையைத் தூக்கி ஜன்னல் வழியாக எதிர்க் கட்டிடத்தின் மொட்டை மாடியைப் பார்த்தாள். அங்கே காய்ந்துகொண்டிருந்த துணிகளில் எது யாருடையது என்று கால் மணி நேரம் கதை சொன்னாள். அவளிடமிருந்து எடுத்த புதுத் துண்டு நன்றாக வளர்கிறது. பத்தொன்பது வயதுத் தோல் எப்படி ஓட வேண்டுமோ அப்படி ஓடுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாள் சொல்ல முடியும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் துணியோடு ஒட்டி வரும் செல்களில் இருநூறை எண்ணுகிறேன். 15ஆம் தேதி புள்ளி உள்ளவை 2. 22ஆம் தேதி 17. இன்று 41. அவள் ஏறுகிறாள், அவர் இறங்குகிறார். கோடு போட்டு நீட்டினால் தேதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு நிற்கவில்லை. பெண்ணின் எல்லாச் செல்லிலும் புள்ளி தெரியாது என்று முன்பே எழுதினேன். சகாயமேரி சிஸ்டரின் கன்னத்துச் செல்களைச் சுரண்டி எண்ணிப் பார்த்தேன். முழுக்க முழுக்கப் பெண்தான், இருநூறில் 74 தான் தெரிந்தது. கெசியாவின் எண்ணிக்கை 74க்கு வந்து நின்ற பிறகும் புள்ளி இல்லாத செல்கள் நூற்றுக்குமேல் இருக்கும். அத்தனையும் அவளுடையவையாக இருக்கலாம். நடுவில் ஒன்று அவருடையதாகவும் இருக்கலாம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். புத்தகங்களைப் பார்த்தேன். மதுரையில் படித்த இடத்துக்குப் போன் போட்டு என் பேராசிரியரைக் கேட்டேன். சில வாரம் என்கிறார்கள், சில மாதம் என்கிறார்கள். நாள் யாருக்கும் தெரியவில்லை.

கெசியாவிடம் இதையும் சொன்னேன். "இருந்தா இருந்துட்டுப் போறாரு. அவருக்குத்தான் எங்கிட்டப் பேச்சு வருதே" என்றாள். நகைச்சுவையாகச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. அவள் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

இனி நான் செய்யப்போவது:

1. குப்பியில் கட்டில் எண் இனிமேல் கிடையாது. பெயர், தாயின் பெயர், ஊர். நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவர் வாயால் கேட்டு எழுதுவேன். பேச முடியாதவருக்கு மணிக்கட்டில் பெயர் எழுதிய துணிப்பட்டை.

2. நடந்ததை மூன்று பக்கத்தில் எழுதி நாளைக் காலை சீஃப் மேஜையில் வைப்பேன். முதல் பக்கம் என் தப்பு. தன் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டார் சகாயமேரி சிஸ்டர். உங்கள் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

3. அதற்காக வேலை போனால், கெசியாவின் செல்கள் தயாராகும் நாள்வரை மட்டும் உள்ளே விடச் சொல்லிக் கேட்பேன். விடாவிட்டால், எனக்குப் பதில் வருகிறவருக்கு வாசலில் நின்றாவது சொல்லிக்கொடுப்பேன்.

4. ஞாயிற்றுக்கிழமை பெரியநாயக்கன்பாளையம் போய் கெசியாவின் அம்மாவை வீட்டில் பார்ப்பேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். விளக்கம் சொல்லமாட்டேன்.

5. உங்கள் கணவரின் செல்களில் கடைசியாகக் கொஞ்சம், ஒரு சின்னக் குடுவையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை நிறுத்துவேன். நிறுத்துவதற்கு முன் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்வேன். எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

6. வாரம் ஒருமுறை இருநூறு செல்களை எண்ணி, வந்த எண்ணை அப்படியே உங்களுக்கு எழுதுவேன்.

7. அவர் போய்விட்டார் என்று மட்டும் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது.

நரசிம்மலு